இருபத்துநான்காம் எண் வரை

ஜெப ஆலயத்திலிருந்து வீட்டுக்கு வந்த ஹெர்மன் லேவிசோன், தொப்பியைக் கழற்றாமலே சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

மேசையில் இரண்டு மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை மாலை என்றால் எரியத்தான் வேண்டும். அவற்றைத் தாங்கி நின்ற வெள்ளித் தண்டுகள்தான் அங்கே இருந்திருக்கக் கூடாது.

"டோரிட்!"

"சூப் சுடுது. கை கழுவிட்டு உக்காரு" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இது என்ன?"

"எது?"

"இது!"

அவருடைய மனைவி டோரிட் துண்டில் கையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றார். மேசையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

"மெழுகுவத்தி" என்றார்.

"தண்டு, டோரிட்! தண்டு!"

"ஆமா. தண்டு இல்லாம எப்படி நிக்கும்?"

மணி நாலரை. குளிர்நாட்டு டிசம்பர் என்பதால் வெளியே முழு இருட்டு. சூரியன் மறைவதற்கு முன்னால், மூன்று இருபதுக்கு டோரிட் ஏற்றியிருந்தார். ஹெர்மன் அந்த நேரத்தில் ஜெப ஆலயத்தில் இருந்தார். முப்பத்தாறு வருடங்களாக வெள்ளிக்கிழமைகளில் இப்படித்தான். இவர் அங்கே, டோரிட் இங்கே. இதுவரை அதில் ஆபத்து எதுவும் இருப்பதாக ஹெர்மனுக்குத் தோன்றியதில்லை.

"இது கண்ணாடி அலமாரிக்குள்ள பூட்டி இருந்தது."

"ஆமா."

"சாவி என்கிட்ட இருக்கு."

"உன் சாக்ஸ் டிராயர்ல இருக்கு. இடது மூலையில. பதினோரு வருஷமா அங்கதான் இருக்கு. உன் சாக்ஸை யார் மடிச்சு வைக்கிறாங்கன்னு நினைச்ச?"

ஹெர்மன் பல் மருத்துவர். வாரத்தில் ஐந்து நாள் பிறர் வாய்க்குள் பார்ப்பார். மீதி நேரம் அந்த அலமாரிக்குள் பார்ப்பார். யூதச் சடங்குகளுக்காக நவீனப் பாணியில் கையால் செய்த பொருட்கள் அதில் பதினான்கு இருந்தன. கால் இல்லாத திராட்சை மதுக் கிண்ணம் ஒன்று. ஆலைப் புகைபோக்கி மாதிரி ஒரு வாசனைப் பெட்டி. தண்ணீர்க் குழாயை வளைத்தது போன்ற ஒன்பது தீப விளக்கு. எதையும் யாரும் பயன்படுத்தக் கூடாது. அதனால் அந்த வீட்டில் மதுவுக்கான ஆசியைத் தண்ணீர் டம்ளரில் சொன்னார்கள். வெள்ளி மாலை தொடங்கும் சபாத் ஓய்வுநாள் சனி இரவு முடியும்போது முகர்ந்து பார்க்கும் கிராம்பு, காலி கடுகு பாட்டிலில் இருந்தது.

மேசையில் எரிந்த ஜோடிதான் அந்தப் பதினான்கிலும் தலை. ரேகீனா ஃபால்க் என்ற பெண் கொல்லர் 1959இல் தன் பின்கட்டுப் பட்டறையில் தட்டித் தட்டிச் செய்தது. இரண்டிலும் அடியில் ஓர் அகலமான தட்டு. ஒரு தண்டு உயரம், ஒன்று குட்டை. உயரமானது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மேலெல்லாம் சுத்தியல் தழும்பு. ஏதோ கண்காட்சிக்குப் போய், அங்கிருந்து ஒரு பெட்டிக்குப் போய், யாரும் ஏற்றாமலே அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இருபத்தைந்தாவது திருமண நாளன்று ஹெர்மன் அதை டோரிட்டின் கையில் கொடுத்து, "உனக்குத்தான்" என்றார். பிறகு திரும்ப வாங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"ஞாயித்துக்கிழமை யார் வர்றாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"அருங்காட்சியகத்துலேருந்து லிஸ்பெத் தோஃப்ட். பதினோரு மணிக்கு. கடிதம் உன் மேசை மேலதான் கிடந்தது."

"கண்காட்சியோட பேர் என்ன?"

"ஏற்றப்படாதவை" என்றார் டோரிட். "சூப் ஆறுது."

ஹெர்மன் நாற்காலியில் உட்கார்ந்தார். 'ஒரு தரம்கூட மெழுகு படாதது' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கும் சீட்டில் வர வேண்டிய வரியையும் அவரே எழுதிக் கொடுத்திருந்தார்: ஹெர்மன் லேவிசோனின் சேகரிப்பிலிருந்து. அந்த ஒரு வரிக்காகப் பதினேழு வருடம் காத்திருந்தார்.

"நம்ம பித்தளை ஜோடி எங்க?"

"ஒண்ணுல திருகு கழண்டுபோச்சு. சரி பண்ணக் குடுத்திருக்கேன்."

"எந்தக் கடையில?"

"கேரட் போதுமா, இன்னும் போடவா?"

அப்போதுதான் ஹெர்மன் மெழுகுவர்த்தியைக் கவனித்தார். அவை வெள்ளை இல்லை. சிவப்பு. உடம்பு முழுக்க, மேலிருந்து கீழாக, எண்கள். எண்களுக்கு நடுவே சிவப்புக் குல்லாய் போட்ட குள்ளர்கள் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"இது கிறிஸ்துமஸ் மெழுகுவத்தி!"

"சின்னது தீர்ந்துபோச்சு. டிசம்பர்ல கடையில வேற என்ன வச்சிருப்பான்? நீ எண்களை மட்டும் பாரு. குள்ளனைப் பார்க்காதே."

"டோரிட், இதுல இருபத்துநாலு எண் இருக்கு."

"ஆமா. கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒரு நாளைக்கு ஒண்ணு எரிச்சிட்டு அணைச்சிடுவாங்க."

"நாம அணைக்க முடியாதே!"

"நம்மால முடியாதுதான்" என்று ஒப்புக்கொண்டார் டோரிட்.

ஹெர்மன் முதல் எண்ணைத் தேடினார். அது இல்லை. இரண்டாம் எண்ணின் தலை உருகத் தொடங்கியிருந்தது. மணிக்கு ஓர் எண். அப்படியானால் இருபத்துநாலு மணி நேரம். நாளைப் பிற்பகல் மூன்று இருபது. சபாத் முடிவது அதற்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து. அதுவரை தீயை அணைக்கக் கூடாது. எரியும் தண்டைத் தொட்டு நகர்த்தக் கூடாது. வேறு யாரிடமும் அணைக்கச் சொல்லவும் கூடாது.

"அடியைக் கத்தியால சீவித்தான் உள்ள செருகினேன்" என்றார் டோரிட். "கொஞ்சம் தடிமனா இருந்தது."

"கத்தியா? வெள்ளிக்குப் பக்கத்துலயா?"

"இல்ல, அடுத்த தெருவுல."

ஹெர்மன் எழுந்தார். ஜன்னல் பக்கம் போனார். மூடிய ஜன்னலின் இடுக்கில் எப்போதும் கொஞ்சம் காற்று வரும். பழைய கட்டடம். கையை வைத்துப் பார்த்தார். வந்தது. மேசைக்குத் திரும்பி வந்து, கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, மேசை விளிம்பில் வயிற்றை வைத்தார்.

"என்ன பண்ற?"

"கையாலதான் தொடக் கூடாது. உடம்பால நகர்த்தலாம்னு ஒரு கருத்து இருக்கு."

"யாரோட கருத்து?"

"பெரியவங்களோட."

"அந்தப் பெரியவங்க உன் வயித்தைப் பார்த்திருக்காங்களா?"

"நான் மேசையைத்தான் நகர்த்தறேன். மேசை மேல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. ஜன்னல் பக்கம் காத்து வருதான்னும் எனக்குத் தெரியாது."

"கடவுளுக்கும் தெரியாது, பாவம்" என்றார் டோரிட்.

ஹெர்மன் வயிற்றால் தள்ளினார். மேசை ஒரு சாண் நகர்ந்தது. இடுப்புப் பெல்ட்டின் கொக்கி மேசைவிரிப்பில் மாட்டியதை அவர் கவனிக்கவில்லை. எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கப் பின்னால் போனார். விரிப்பும் கூடவே வந்தது. ஆசிக்காக ஊற்றி வைத்திருந்த மது டம்ளர் சாய்ந்தது. சிவப்புத் திரவம் விரிப்பின் மேல் நிதானமாகப் பரவி, வெள்ளித் தட்டுகளின் அடியில் போய்ச் சேர்ந்தது.

டோரிட் பாட்டிலை எடுத்து டம்ளரை மறுபடி நிரப்பினார்.

"ஆசியைச் சொல்லு. வயித்தை எட்ட வச்சுக்க."

சொன்னார். சூப்பும் குடித்தார். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு முறை நிமிர்ந்து மெழுகுவர்த்தியைப் பார்த்தார். இரண்டாம் எண் போயிருந்தது. உயரமான தண்டின் உச்சியில் ஒரு சிவப்புச் சொட்டு திரண்டு, தயங்கி, இறங்கியது.

கரண்டியை வைத்தார்.

"எதிர்வீட்டுக்கு யாரோ குடி வந்தாங்களே. அவங்க யூதர் இல்லையே?"

"குட்ருன் க்விஸ்ட். ஆகஸ்ட்ல வந்தாங்க. இல்ல."

"நல்லது" என்று ஹெர்மன் எழுந்தார். "அணைங்கன்னு சொல்லக் கூடாது. ஆனா நிலைமையைச் சொல்லலாம். நிலைமையைச் சொல்றதுல தப்பே இல்ல. அவங்களாப் புரிஞ்சுக்கிட்டு அவங்களா அணைச்சா, அது அவங்க இஷ்டம்."

"போய்ச் சொல்லு" என்றார் டோரிட். "அவங்க ரொம்ப நல்லவங்க."

ஹெர்மன் நடைக்கு வந்தார். மின்சார அழைப்பு மணியை நோக்கிப் போன விரலை, சபாத் நினைவுக்கு வந்து மடக்கிக்கொண்டு, கதவைத் தட்டினார். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. எழுபது வயதைத் தாண்டிய, குள்ளமான, பச்சைக் கம்பளிச் சட்டை போட்ட பெண்மணி கதவைத் திறந்தார்.

"வாங்க ஹெர்மன். என்ன ஆச்சு, முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

"எங்க வீட்டுல வெளிச்சம் ரொம்ப அதிகமா இருக்கு."

"நல்லதாப் போச்சு. எங்க வீட்டுல ஹால் பல்பு ஃபியூஸ்."

"தேவைக்கு மேல இருக்கு."

"அப்ப கரண்ட் பில் எகிறுமே!"

"கரண்ட் இல்ல. மெழுகுவத்தி."

"அப்ப பில் வராது, கவலைப்படாதீங்க" என்று குட்ருன் ஆறுதலாக அவர் கையைத் தட்டினார்.

ஹெர்மன் பல்லைக் கடித்தார். நோயாளிகளிடம் அதைச் செய்யக் கூடாது என்று அவர் தினமும் சொல்வார்.

"நீங்க ஒரு நிமிஷம் எங்க வீட்டுக்கு வந்தா நல்லா இருக்கும்."

"அப்படியா? இருங்க, கேக் பண்ணியிருக்கேன். வெறுங்கையோட எப்படி வர்றது? உங்க வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆகணுமேன்னு வெண்ணெய் போடல, எண்ணெயிலதான் பண்ணினேன். பாலும் சேர்க்கல."

ஹெர்மன் அதைக் காதிலேயே வாங்கவில்லை. மூன்றாம் எண் உருகிக்கொண்டிருந்தது.

குட்ருன் வந்தார். டோரிட் நாற்காலியை இழுத்துப் போட்டார். குட்ருன் மெழுகுவர்த்திக்கு நேராக உட்கார்ந்து இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"அடேயப்பா, என்ன அழகு! இந்த வீட்டுல இப்படி ஒரு சாமான் இருக்குன்னு தெரியவே தெரியாதே."

"எனக்கும் கண்ணாடி வழியாத்தான் தெரியும்" என்றார் டோரிட்.

ஹெர்மன் தொண்டையைக் கனைத்தார்.

"மெழுகு சொட்டினா வெள்ளிக்கு ஆகாது."

"ஆகாதுதான். பாவம்."

"எரிஞ்சுக்கிட்டே இருந்தா சொட்டிக்கிட்டே இருக்கும்."

"இருக்கும்."

"யாராவது ஊதினா அணைஞ்சிடும்."

குட்ருன் இதைக் கொஞ்சம் யோசித்தார்.

"ஆமா" என்றார். "ஊதினா அணையும்தான்."

"என்னால ஊத முடியாது."

"அடக் கடவுளே, மூச்சுத் தொல்லையா? எங்க வீட்டுக்காரர் கடைசி வரைக்கும் அதுலதான் கஷ்டப்பட்டார். அவரோட இன்ஹேலர் இன்னும் இருக்கு. கொண்டு வரவா?"

"வேண்டாம். டோரிட்டாலயும் ஊத முடியாது."

"ரெண்டு பேருக்குமா! அப்ப சுவத்துல ஈரம் இருக்கு." குட்ருன் எழுந்துபோய் அலமாரிக்குப் பக்கத்துச் சுவரை முட்டியால் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். "இங்க இல்ல. படுக்கையறையைப் பார்க்கட்டுமா?"

"குட்ருன், சுவர் நல்லா இருக்கு!"

"கோபப்படாதீங்க. மூச்சு வாங்கும்."

டோரிட் இருமினார். தண்ணீர் குடித்தார். கேக்கை வெட்டினார்.

ஹெர்மன் வேறு வழியில் போனார். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, "இந்த அறையில காத்தே இல்ல" என்று கூரையைப் பார்த்துச் சொன்னார்.

இது குட்ருனுக்கு உடனே புரிந்தது. எழுந்துபோய் ஜன்னலின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தார்.

டிசம்பர் காற்று உள்ளே பாய்ந்தது. இரண்டு சுடர்களும் படுத்தன. ஹெர்மன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சுடர்கள் படுத்தபடியே எரிந்தன. அணையவில்லை. மெழுகுவர்த்தியின் ஒரு பக்கம் மட்டும் வேகமாக உருகியது. அதன் வாய் விளிம்பு உடைந்தது. அதுவரை சொட்டாக இறங்கிய மெழுகு இப்போது ஓடையாக ஓடியது. நான்காம் எண்ணும் அதன் குள்ளனும் நேரத்துக்கு முன்பே நெளியத் தொடங்கினார்கள். கறுப்புப் புகை எழும்பிக் கூரைக்குப் போனது. கூரையில் இருந்த புகைமணி அலறியது.

"குளிருது! ரொம்பக் குளிருது!" என்று ஹெர்மன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

குட்ருன் ஜன்னலைச் சாத்தினார். பிறகு துண்டை எடுத்து, நாற்காலி மேல் ஏறி, புகைமணிக்கு விசிறினார். ஹெர்மனுக்குள் நம்பிக்கை திரும்பியது. அவ்வளவு பெரிய துண்டு. ஒரு வீச்சு கீழே தப்பி வந்தால் போதும். வரவில்லை. குட்ருன் மெழுகுவர்த்திக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேல்நோக்கி மட்டும், மிக ஜாக்கிரதையாக விசிறினார்.

மணி ஓய்ந்தது. குட்ருன் இறங்கினார்.

"நல்ல வேளை, மெழுகுவத்தி அணையாமப் பார்த்துக்கிட்டேன்" என்றார்.

ஹெர்மன் கண்ணை மூடினார். கடைசியாக ஒரு கதை சொன்னார். கதை சொல்வதைத் தடுக்கும் விதி எதுவும் அவருக்கு நினைவில் இல்லை.

"எங்க அப்பா காலத்துல பக்கத்து வீட்டுல ஒருத்தர் இருந்தார். யூதர் இல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சும்மா எட்டிப் பார்ப்பார். தேவையில்லாத விளக்கு எரிஞ்சா, யாரும் சொல்லாமலே அணைச்சிட்டுப் போயிடுவார். ரொம்ப, ரொம்ப நல்ல மனுஷர்."

குட்ருனின் கண்கள் கனிந்தன.

"அப்படியும் மனுஷங்க இருந்தாங்க. அவர் பேர் என்ன?"

"பேரா? ஞாபகம் இல்ல."

"என்ன ஹெர்மன் இது! அவ்வளவு செஞ்சவர் பேரைப் போய் மறந்துட்டீங்களே!" குட்ருன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கொஞ்சம் வருத்தப்பட்ட மாதிரி இருந்தது. "கேக் தட்டை அப்புறமா வாங்கிக்கிறேன். ரெண்டு பேரும் மூச்சைப் பார்த்துக்குங்க."

கதவு மூடியது.

"அந்தம்மாவுக்கு மண்டையில ஏதாவது இருக்கா?" என்றார் ஹெர்மன்.

"நல்ல கேக்" என்றார் டோரிட். பிறகு, "இங்க பாரு" என்றார்.

"பார்க்க மாட்டேன்."

"மெழுகு எங்க விழுதுன்னு பாரு."

ஹெர்மன் பார்த்தார். உயரமான தண்டு குட்டைத் தண்டின் பக்கம் சாய்ந்திருந்தது. அதன் உச்சியிலிருந்து வழிந்த மெழுகு மேசையில் விழவில்லை. குட்டைத் தண்டின் தட்டில், ஒரே இடத்தில், சொட்டுச் சொட்டாக விழுந்தது. புயலடித்த பிறகும் விரிப்பில் மெழுகு ஒரு துளி இல்லை. மது மட்டும்தான் இருந்தது. அது அவர் வயிற்றின் வேலை.

"அலமாரியில நீ வேற மாதிரி வச்சிருந்த" என்றார் டோரிட். "நெட்டையை அந்தப் பக்கம் பார்த்து."

சேகரிப்பாளர்களின் காலாண்டிதழில் அந்தச் சாய்வைப் பற்றி ஹெர்மன் மூன்று பக்கக் கட்டுரை எழுதியிருந்தார். உயரமான தண்டு குட்டையிடமிருந்து முகம் திருப்பி விலகிப் போகிறது. அது போருக்குப் பிந்தைய மனிதனின் தனிமை. அப்படித்தான் எழுதியிருந்தார். இரண்டு பேர் பாராட்டிக் கடிதம்கூடப் போட்டிருந்தார்கள்.

"சொட்டு பிடிக்கிறதுக்கா?" என்றார் கடைசியில்.

"மேசைவிரிப்பைத் துவைக்கிற கை செஞ்சது" என்றார் டோரிட்.

ஹெர்மன் அன்று சோபாவில் படுத்தார், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு. காலையில் பதினேழாம் எண் எரிந்தது. சனிக்கிழமை ஜெப ஆலயத்துக்கும் போகவில்லை. மெழுகுவர்த்தியின் எதிரே நாற்காலி போட்டு, பதினெட்டையும் பத்தொன்பதையும் வெறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டோரிட் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் படித்தார். நடுவில் ஒரு முறை நிமிர்ந்து, இரண்டு சுடரையும் வெகு நேரம் பார்த்துவிட்டு மறுபடி படித்தார்.

மூன்று இருபத்தைந்துக்கு இருபத்துநான்காம் எண், கடைசிக் குள்ளனுடன், தண்டின் உச்சியில் இருந்த வெள்ளிக் கிண்ணத்துக்குள் இறங்கிச் சீறி அணைந்தது.

சபாத் முடிந்ததற்கு அடையாளமாக வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த உடனே, கடுகு பாட்டில் கிராம்பை முகர்ந்த கையோடு, ஹெர்மன் மருத்துவப் பையைத் திறந்தார். பற்காரை சுரண்டும் கொக்கியை எடுத்தார். மெழுகு உடனே வந்துவிட்டது. சிவப்புச் சாயம் மட்டும் சுத்தியல் தழும்புகளுக்குள் தங்கிவிட்டது. தழும்பு தழும்பாகச் சுரண்டினார். சாயம் போன இடத்தில் அறுபது வருடக் கருமையும் சேர்ந்து போனது. அங்கே மட்டும் வெள்ளி புதிதாக மின்னியது. அதை மறைக்க மற்ற இடங்களையும் கொஞ்சம் சுரண்டினார். இப்போது எல்லா இடமும் தனித்தனியாக மின்னியது.

"பல் மாதிரி ஆயிடுச்சு" என்றார் டோரிட், தோளுக்குப் பின்னாலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு லிஸ்பெத் தோஃப்ட் வந்தார். இளம்பெண். வெள்ளைக் கையுறையைப் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, கிண்ணத்துக்குள் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஹெர்மன், இது எரிஞ்சிருக்கே."

பொய் சொல்ல ஹெர்மன் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார். வாயைத் திறந்ததும் அது வரவில்லை.

"ஒரே ஒரு தரம்தான்."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை மூணு இருபதுலேருந்து சனிக்கிழமை மூணு இருபத்தஞ்சு வரைக்கும்."

லிஸ்பெத் பூதக்கண்ணாடியை இறக்கினார். "ஒரே தரமா?"

"கிறிஸ்துமஸ் மெழுகுவத்தி" என்று டோரிட் உதவிக்கு வந்தார்.

"அப்ப... மன்னிக்கணும். கண்காட்சியோட பேரே அதுதான். நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தது வேற." லிஸ்பெத் கையுறையைக் கழற்றத் தொடங்கி, நிறுத்தினார். குட்டைத் தண்டின் தட்டில் ஒரே இடத்தில் சிவப்பாக ஒரு வட்டம் இருந்தது. ஹெர்மனின் கொக்கிக்குத் தப்பியது. நிமிர்ந்து உயரமான தண்டைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார். "அட! சாய்வு இதுக்குத்தானா? மெழுகு பிடிக்கிறதுக்கு? தனிமைன்னு எங்கயோ படிச்சேனே."

"அது பழைய கருத்து" என்றார் ஹெர்மன்.

"ஃபால்க் பத்தின புத்தகத்துல இதைச் சேர்க்கணும். யார் கண்டுபிடிச்சது? பேர் போடணும்."

ஹெர்மன் மனைவியைப் பார்த்தார். அது அவருக்குச் சுலபமாக இல்லை.

"என் மனைவி."

"முழுப் பேர்?"

"டோரிட் லேவிசோன்" என்றார் டோரிட், ஓர் எழுத்தும் தவறாமல் நிதானமாக. லிஸ்பெத் எழுதிக்கொண்டார். காபி குடித்தார். போய்விட்டார்.

ஹெர்மன் வெள்ளி ஜோடியை எடுத்துக்கொண்டு அலமாரி வரை போனார். கதவைத் திறந்தார். அங்கே கொஞ்ச நேரம் நின்றார்.

"பித்தளை எப்ப வருமாம்?"

"தெரியல. நாளாகும் போல" என்றார் டோரிட்.

ஹெர்மன் திரும்பி வந்து ஜோடியை மேசையிலேயே வைத்தார். உயரமானதைக் குட்டையின் பக்கம் சாயும்படி திருப்பி வைத்தார். டோரிட் துவைத்த விரிப்பை எடுத்துக்கொண்டு மாடிக் கொடிக்குப் போனார்.

அப்போது கதவு தட்டப்பட்டது. குட்ருன். கேக் தட்டுக்காக வந்திருந்தார்.

தட்டைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கலாம். ஹெர்மனால் முடியவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. எதையும் நேராகச் சொல்லலாம். இரண்டு நாளாகத் தொண்டையில் நின்றதெல்லாம் ஒன்றாக வந்தது.

"குட்ருன், உக்காருங்க. கோபத்துல சொல்லல. அடுத்த தரம் உதவியா இருக்குமேன்னு சொல்றேன். சபாத்துல நாங்க நெருப்பை அணைக்கக் கூடாது. உங்களை அணைக்கச் சொல்லவும் கூடாது. சாடையாத்தான் சொல்ல முடியும். 'வெளிச்சம் அதிகமா இருக்கு'ன்னு சொன்னா, தயவுசெஞ்சு அணைச்சிடுங்கன்னு அர்த்தம். 'ஊதினா அணையும்'னு சொன்னா, ஊதுங்கன்னு அர்த்தம். கதை சொன்னா, அந்தக் கதையில வர்ற நல்ல மனுஷர் நீங்கதான்னு அர்த்தம். புரியுதா? கஷ்டம்தான். மெதுவாப் பழகிக்கலாம். வேணும்னா ஒரு தாள்ல எழுதித் தரேன்."

குட்ருன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"தாளெல்லாம் வேண்டாம் ஹெர்மன்" என்றார். "நான் ஜெப ஆலயத்துப் பழைய ரப்பி வீட்டுல இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவ, அவர் 'வெளிச்ச'ன்னு ஆரம்பிக்கும்போதே என் கை சுவிட்சுல இருக்கும், டோரிட்தான் வியாழக்கிழமை வந்து, இருபத்துநாலாம் எண் வரைக்கும் எனக்கு ஒண்ணுமே புரியக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனா."